பச்சை டிக் வாங்கிய கதவு

தினமும் காலை எட்டு இருபதுக்கு ஒருவன் ஒன்பதாவது மாடிக்குப் போய், லிஃப்ட் கதவுக்கு நடுவே வலது காலை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால், பார்ப்பவர்கள் அவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். கோளாறு கதவுக்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். காலில் இருப்பது இரும்பு முனை வைத்த ஷூ. கதவு வந்து அந்த ஷூவைக் கடிக்கும். கடித்துவிட்டு இரண்டு விநாடி யோசிக்கும். அப்புறம் போனால் போகிறது என்று விலகும். அந்த நேரத்தில் அவனுடைய அக்கா சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கீழே இறங்கும்போதும் மாலையில் திரும்பும்போதும் அதே ஷூதான்.

அக்காவுக்குப் பத்து வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. கையும் கண்ணும் வாயும் நன்றாக இருந்தன, அதிலும் வாய் மிக நன்றாக இருந்தது. கட்டடத்தில் இருந்ததோ ஒரே லிஃப்ட். அதைப் பூட்டிவிட்டு 'பழுது' என்று பலகை மாட்ட மெக்கானிக்குக்கு அதிகாரம் உண்டு. மாட்டினால் அக்கா ஒன்பதாவது மாடியிலேயே கைதி. அதனால்தான் ஷூ.

கோளாறு எங்கே என்று அவனுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. சென்சாரைக் கழற்றித் துடைத்தான். ஒயரை மாற்றினான். கதவு ஓடும் தடத்திலிருந்து இரண்டு ஹேர்பின், ஒரு பேனா மூடி, யாரோ ஒரு குழந்தையின் பால்பல் எல்லாம் எடுத்தான். எதிலும் குறை இல்லை. குறை லிஃப்டை ஓட்டும் நிரலில் இருந்தது. அந்த நிரலுக்கு 'மேல்கீழ்' என்று பெயர். பல ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அப்படி அனுப்பும் திருத்தத்தைக் கமிட் என்பார்கள். வேலைக்காக நிரல் எழுதக் கற்றிருந்த மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தான். கதவை மூடு என்று ஒரு வரி. குறுக்கே ஆள் இருக்கிறார்களா பார் என்று அதற்கு அடுத்த வரி. நடுவே இரண்டு விநாடி இடைவெளி. அதாவது, அறைந்துவிட்டு அப்புறம் யாரது என்று கேட்கிற கதவு.

"அப்ப ரெண்டு வரியையும் இடம் மாத்திப் போடு. பாத்துட்டு மூடுன்னு. இதுல என்னடா இருக்கு?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்கா. ஆனா நானா மாத்தினா லிஃப்டை ஓட்டற கம்ப்யூட்டர் போர்டு ஏத்துக்காது. மேல்கீழ்க்காரங்க முத்திரை குத்தி அனுப்பினாத்தான் ஏத்துக்கும்."

"அனுப்பு. நல்லவங்களாத்தான் இருப்பாங்க. சும்மா எழுதிக் குடுக்கறாங்கல்ல?"

மெக்கானிக் அன்றே அனுப்பினான். 'கதவு முதலில் மூடி, பிறகு பார்க்கிறது. கை கால் நசுங்கும். வரிசையை மாற்றியிருக்கிறேன்' என்று குறிப்பும் எழுதினான். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் பங்களிப்பைப் போற்றுகிறோம். கையொப்பம் இல்லாததால் படிக்காமலே நிராகரிக்கிறோம்.' தேடிப் பார்த்ததில் அதே கதவைப் பற்றி ஏற்கெனவே அறுபத்தொரு புகார்கள் இருந்தன. எல்லாவற்றையும் 'கையொப்பமற்றது' என்று மூடி வைத்திருந்தார்கள்.

கையொப்பம் என்றால் பேனாவால் போடுவதல்ல. ஒவ்வொருவரும் தன் கம்ப்யூட்டரில் ஒரு ரகசியச் சாவி வைத்துக்கொள்ள வேண்டும். திருத்தம் அனுப்பும்போது அந்தச் சாவி அதன்மேல் ஓர் அடையாளம் பதிக்கும். அடையாளம் பொருந்தினால் திருத்தத்தின் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழும். எவனோ ஒருவன் இன்னொருவர் பேரில் விஷமம் செய்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல யோசனைதான். யாரும் குறை சொல்ல முடியாது. அதைக் கவனித்துக்கொள்ள ஒரு குழு போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது. கையொப்பத் தூய்மைக் குழு என்று பேர். நாலு பேர். மேல்கீழில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் களைத்துப் போய் விலகிக்கொண்டிருக்க, குழுவின் விதிப் புத்தகம் மட்டும் இருநூற்றுப் பதினோரு பக்கமாகக் கொழுத்திருந்தது.

மெக்கானிக் விதிப்படி ஒரு சாவி செய்தான். கையொப்பமிட்டு மறுபடி அனுப்பினான். 'இந்தச் சாவியை எங்களுக்கு அறிமுகமில்லை. சாவிக்காப்பாளரை அணுகவும்' என்று வந்தது. அணுகினான். சாவிக்காப்பாளர் கழுத்துவரை பொத்தான் போட்ட ஓர் அம்மாள். கம்ப்யூட்டர் திரையில் தோன்றி வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"சாவி பிறக்கும்போது அறையில யார் யார் இருந்தீங்க?"

"நான் இருந்தேன் மேடம். பக்கத்து மேஜையில எங்க அக்கா இருந்தாங்க."

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?"

"சமையல் புத்தகம் ஒண்ணுக்குப் பிழை திருத்திக்கிட்டிருந்தாங்க."

"அப்ப அந்தச் சாவி தீட்டு. தூக்கிப் போட்டுட்டு வேற செய்யுங்க. தனியா, சன்னல் இல்லாத அறையில."

சன்னல் இல்லாத அறை என்றால் மெக்கானிக்குக்குத் தெரிந்தது லிஃப்டுக்கு மேலே மோட்டார் இருக்கும் அறைதான். கிரீஸ் டப்பாமேல் கம்ப்யூட்டரை வைத்து, மோட்டார் சத்தத்தில் இரண்டாவது சாவி செய்தான். சாவிக்காப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, இனி இரண்டு உறுப்பினர்கள் உங்களை நேரில் பார்த்து, இவர் இவர்தான் என்று உறுதி சொல்ல வேண்டும் என்றார்.

"எனக்கு உறுப்பினர் யாரையும் தெரியாதே மேடம்."

"நீங்க உறுப்பினராயிட்டா தெரிஞ்சுடும்."

"எப்படி ஆகறது?"

"ஒரு கமிட்டாவது ஏத்துக்கப்பட்டிருக்கணும்."

"அதை ஏத்துக்கத்தான் உறுதி கேக்கறீங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு பாதுகாப்பு!" என்றார் சாவிக்காப்பாளர். முதன்முறையாகச் சிரித்தார்.

இதற்குள் முப்பது நாள் ஓடிவிட்டது. மெக்கானிக்கின் வலது ஷூவில் பக்கவாட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அக்கா ஒவ்வொரு காலையும் உள்ளே போகும்போது அவனைப் பார்ப்பாள், ஷூவைப் பார்ப்பாள். "நான் ஒரு நாளைக்கு நூறு தப்பு திருத்தறேன். தப்பு தப்பான்னுதான் கேப்பாங்க. திருத்தினவ பிறந்த கதைய ஒருத்தனும் கேட்டதில்ல," என்பாள். அவனுக்குக் கொதிப்பு இருந்தது. ஆனால் முத்திரை அவர்கள் கையில் இருந்தது. கொதித்தால் முத்திரை விழாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

உறுதி சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவின் அலுவலகத்தில் சாவி ஏற்பு விழா நடக்கும். அங்கே நேரில் போய் நிற்க வேண்டும். நாள் அறிவித்தார்கள். காலை எட்டு மணிக்கு, ஒரு நிமிடம் தாமதித்தாலும் அடுத்த மூன்று மாதம்.

"அன்னைக்கு மட்டும் வேலைக்குப் போகாதக்கா," என்றான் மெக்கானிக்.

"அன்னைக்குத்தான்டா புத்தகம் அச்சுக்குப் போகுது. ஒரு நாள்தானே. நான் வேகமா உருட்டிக்கிட்டுப் பூந்துடுவேன். நீ போய் அந்த டிக்கை வாங்கிட்டு வா, இந்தக் கூத்து முடியட்டும்."

குழுவின் அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. மெக்கானிக் லிஃப்டில் போனான். கதவைப் பார்த்ததுமே தன் கட்டடத்துக் கதவின் கூடப்பிறந்தது என்று தெரிந்து, காலை முன்னால் விட்டுத்தான் இறங்கினான். அறையில் நீள மேஜை, ஒரே மாதிரி நாலு நாற்காலி, சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். குழுவினர் ஒவ்வொருவராக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில், ரகசியச் சாவி பதித்த சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று தொங்கியது. அவருக்குப் பின்னால் சாவிக்காப்பாளர். பின்னால் செயலாளர், ஒல்லியானவர், கம்ப்யூட்டரைத் திறந்த நிமிடத்திலிருந்து டைப் அடித்துக்கொண்டே இருந்தார். நாலாமவர் துணைத்தலைவர். அவர் கடைசிவரை எதுவும் பேசவில்லை, அதற்காகத்தான் அவரைப் போட்டிருந்தார்கள். நாலு பேரும் மூச்சு வாங்குவதைப் பார்த்து, இவர்களுக்கு உடற்பயிற்சியில் ஆர்வம் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

செல்போனை வாங்கி ஒரு கூடையில் போட்டு, கூடையை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"இங்க பேசற ஒவ்வொரு சொல்லும் பதிவாகும்," என்றார் செயலாளர். "கூட்டம் முடிஞ்ச உடனே நாலு சாவியும் தானா அதுல கையெழுத்துப் போடும். உடனே இணையதளத்துல வந்துடும். அப்புறம் ஒரு புள்ளியக்கூட யாராலயும் அழிக்க முடியாது. தலைவர் கொண்டுவந்த விதி."

தலைவர் அடக்கமாகக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்து பேசினார். "சாவிதான் மனுஷன். மனுஷன்தான் சாவி. ஒரு தப்பான வரி உள்ள வரலாம், அதைத் தாங்கிக்கலாம். ஆனா ஒரு தெரியாத வரி உள்ள வரக் கூடாது. சிலர் கேக்கறாங்க, வரி சரியா தப்பான்னு யார் பாக்கறதுன்னு. நியாயமான கேள்வி. அதுக்கு ஆள் இல்ல. இருந்த ஆளையும் நாங்க கையெழுத்துப் பாக்கற வேலைக்கு எடுத்துக்கிட்டோம்."

துணைத்தலைவர் கை தட்டினார். செயலாளர் 'கைதட்டல்' என்று டைப் அடித்தார்.

விழா தொடங்கியது. மெக்கானிக்கின் சாவிக்கு நாற்பது எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண் இருந்தது. அதை அவன் நின்றுகொண்டு ஓர் எழுத்து சொல்ல வேண்டும், சாவிக்காப்பாளர் உட்கார்ந்துகொண்டு அடுத்த எழுத்தைச் சொல்ல வேண்டும். இருபத்தாறாவது எழுத்தில் துணைத்தலைவர் இருமினார். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். செயலாளர் இருமலையும் பதிவு செய்தார். இரண்டாம் முறை முப்பத்தொன்றாவது எழுத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மறுபடி முதலிலிருந்து. அப்போது மணி எட்டு இருபது. மெக்கானிக்கின் வலது கால் அதுவாகவே ஓர் அடி முன்னால் போய் நின்றது. அவன் அதை இழுத்துக்கொண்டான்.

மூன்றாம் சுற்றில் அவன் கண் சுவரில் இருந்த சட்டத்தின்மேல் விழுந்தது. உள்ளே அச்சடித்த ஒரு கமிட், பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை டிக். மேலே 'முன்மாதிரிக் கையொப்பம்' என்று பொன்னெழுத்து. அவன் படித்தான். கதவை மூடு. இரண்டு விநாடி பொறு. ஆள் இருக்கிறார்களா பார்.

"சார், இந்த வரிதான் சார்! இதைத்தான் நான் திருத்தி அனுப்பினேன். இதுதான் தப்பு!"

"வரியைப் பாக்காதீங்க," என்றார் தலைவர். குரலில் ஒரு கனிவு. "டிக்கைப் பாருங்க. அந்தச் சாவிக்கு ஒரு மாசு கிடையாது. என்னோடது."

நாற்பது எழுத்தும் முடிய ஒன்பதே கால் ஆயிற்று. வலது கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினான். அடையாள அட்டையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்துக்கொண்டான். ஏற்றோம் என்று நாலு பேரும் சொன்னார்கள். வெளியே வந்து கூடையிலிருந்து செல்போனை எடுத்தபோது பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொன்றும் கட்டடக் காவலாளியிடமிருந்து.

அக்கா வேகமாகத்தான் உருட்டியிருந்தாள். முன்சக்கரம் தடத்தில் ஒரு நொடி சிக்கியது. வலது கை சக்கரத்தின்மேல் இருந்தது. கதவு முதலில் மூடியது, பிறகு பார்த்தது.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எலும்பு நொறுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒட்டும், ஆனால் மடங்குமா என்பது சந்தேகம் என்றார்கள். பென்சில் பிடிக்கிற விரல்கள். அக்கா மாத்திரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள்.

"டிக் குடுத்தாங்களா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தன் காலைப் பார்க்கவே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. இரும்பு முனை வைத்த அந்த ஷூவோடு, அந்த எட்டு இருபதுக்கு, ஏதோ ஓர் அறையில் நின்று எழுத்து ஒப்பித்துக்கொண்டிருந்த கால் அது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்தபடியே, ஏற்றுக்கொள்ளப்பட்ட சாவியால் கையொப்பமிட்டு அதே திருத்தத்தை மூன்றாம் முறை அனுப்பினான். பச்சை டிக் விழுந்தது. கீழே பதில் வந்தது. 'கையொப்பம் செல்லும். ஆனால் சாவிக்குத் தொண்ணூறு நாள் வயதாகும்வரை அது இடும் கையொப்பங்கள் முதிர்ச்சியற்றவை. காத்திருக்கவும்.'

அவன் அதை நாலு முறை படித்தான். பிறகு தன் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் உரக்கக் கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்துக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. கட்டடச் சங்கம் மேல்கீழுக்கு எழுதி, இந்தக் கதவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தது. அதனால் விசாரணை. மெக்கானிக் நேரில் வர வேண்டும். அக்கா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "நானும் வர்றேன்," என்றாள்.

நாலாவது மாடிக்கு லிஃப்டில் போனார்கள். தம்பி ஷூவை நீட்டினான், அக்கா இறங்கினாள். அறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழுவினர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். செயலாளரின் விரல்கள் ஓட ஆரம்பித்தன.

"முதல்ல எங்க வருத்தம்," என்றார் தலைவர். "அது கையெழுத்தோட இணையதளத்துல இருக்கு."

"பாத்தேன், டிக்கும் இருந்துச்சு," என்றாள் அக்கா. "அந்தத் தப்பு வரிய எழுதினது யாரு?"

மெக்கானிக் சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினான்.

தலைவர் திரும்பியே பார்க்கவில்லை. "அம்மா, இதை நுட்பமாப் புரிஞ்சுக்கணும். என்னோட சாவி அந்த வரியில கையெழுத்துப் போட்டிருக்குன்னுதான் அந்த டிக் சொல்லுது. நான் போட்டேன்னு சொல்லல. சாவி வேற, மனுஷன் வேற."

"சாவிதான் மனுஷன்னு சொன்னீங்களே சார்!" மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. "அதுக்காகத்தானே என்னை இங்க நிக்க வெச்சீங்க? அந்த நேரத்துல..."

"உள்ள வர்றதுக்கு அப்படி. பொறுப்புக்கு அப்படி இல்ல," என்றார் தலைவர். "எங்க பதிவுகளை நல்லாப் பாத்தாச்சு. இந்தக் கதவு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தும் அந்தக் கட்டடத்துல லிஃப்டை ஓட விட்ட ஆள் ஒருத்தர்தான். நீங்கதான். அதை நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க."

செயலாளர் வாசித்தார். "கதவு முதலில் மூடி, பிறகு பார்க்கிறது. கை கால் நசுங்கும்."

"அது என்னோட முதல் கமிட்! கையெழுத்து இல்லன்னு படிக்காமலே தூக்கிப் போட்டீங்க. அதை நான்தான் எழுதினேன்னு இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"குத்தத்தை ஒத்துக்கறதுக்குக் கையெழுத்து வேணாம் சார்," என்றார் செயலாளர், டைப் அடிப்பதை நிறுத்தாமல். "திருத்தறதுக்குத்தான் வேணும்."

மெக்கானிக்கின் லிஃப்ட் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி அன்றே அரசுத் துறைக்கு எழுதப் போவதாகத் தலைவர் அறிவித்தார். துணைத்தலைவர் தலையாட்டினார். மெக்கானிக்குக்கு அது இருபத்திரண்டு வருட வேலை. உரிமம் போனால், எட்டு இருபதுக்கு அந்தக் கதவுக்கு நடுவே காலை வைக்கும் உரிமைகூட அவனுக்கு இருக்காது. வேறொருவன் வருவான். வருவானா?

அக்கா அவன் முழங்கையைத் தொட்டு அடக்கினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நாலு பேரையும் ஒரு முறை பார்த்தாள். அச்சுக்குப் போகிற பக்கத்தைப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஒண்ணு கேக்கலாமா? நீங்க எல்லாரும் ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?"

"படியேறி வந்தோம்," என்றார் சாவிக்காப்பாளர்.

"நாலு மாடியா? லிஃப்ட் ஓடுதே. நானே அதுலதானே வந்தேன்."

"ஐயோ, அதுல யார் ஏறுவாங்க? அந்தக் கதவு ஆளையே நசுக்கிடுமே அம்மா. போன வருஷம் தலைவரோட பையைக் கடிச்சு, உள்ள இருந்த கம்ப்யூட்டர் ரெண்டாப் போச்சு. அன்னையிலேர்ந்து நாங்க யாரும் அது பக்கம்கூடப் போறதில்ல."

அறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் அதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்தார். பழக்கம் அப்படி.

"அதுவும் மேல்கீழ்தானா?" என்றாள் அக்கா.

"பின்ன? நம்ம கட்டடத்துல வேற எதைப் போடுவோம்?" என்றார் சாவிக்காப்பாளர் பெருமையாக. தலைவர் அவரை முறைத்தார்.

அக்கா நாற்காலியைத் தலைவர் பக்கம் திருப்பினாள். "வாங்க சார். ஒரே ஒரு தடவ கீழ போயிட்டு வரலாம். உங்க சாவி கையெழுத்துப் போட்ட கதவு, சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க. கைய மட்டும் நடுவுல வைங்க. என் தம்பி கால வைக்க மாட்டான்."

"எனக்கு... எனக்கு முழங்கால் வலி. டாக்டர் என்னைப் படியிலதான் போகச் சொல்லியிருக்கார்."

"முழங்கால் வலிக்கா?"

"கூட்டம் முடிஞ்சுது!" என்றார் தலைவர், மேஜையைத் தட்டி.

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல் நாலு கம்ப்யூட்டர்களும் டிங் என்றன. தலைவரின் கழுத்தில் தொங்கிய சாவி பச்சையாக ஒருமுறை மின்னியது. செயலாளர் திரையைப் பார்த்துத் திருப்தியாக, "நாலு கையொப்பமும் விழுந்தாச்சு. வெளியாயிடுச்சு," என்றார்.

"என்ன வெளியாயிடுச்சுன்னு கொஞ்சம் படிச்சுப் பாருங்க," என்றாள் அக்கா.

செயலாளர் படித்தார். பாதியில் அவர் குரல் இறங்கியது. போன வருஷம், தலைவருடைய பை, யாரும் அது பக்கம்கூடப் போறதில்ல. நாலு டிக்.

"அழி அதை!" என்றார் தலைவர்.

"முடியாது சார். நீங்க கொண்டுவந்த விதி."

"நம்ம சாவிக்காப்பாளர் பேசினது என்னோட கருத்து இல்லன்னு ஒரு வரி சேரு!"

"கூட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டீங்க சார்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். சாவி வேறு மனுஷன் வேறு என்று மறுபடி சொல்ல வாயெடுத்திருக்க வேண்டும். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"குத்தத்தை ஒத்துக்கறதுக்குக் கையெழுத்தே வேணாம்னு இவர்தான் சொன்னாரு, அதுவும் அதுல பதிவாயிருக்கு. நீங்க நாலு பேரும் கேக்காமலே கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கீங்க. கட்டடச் சங்கத்துக்கு நான் வேற என்னங்க எழுதணும்?" என்றாள். தம்பியிடம், "கால நீட்டு, போலாம்," என்றாள்.

அவர்கள் தரைத்தளத்துக்கு வந்து தெருவைத் தாண்டுவதற்குள் மேல்கீழ் திருத்தப்பட்டுவிட்டது. தொண்ணூறு நாளும் காணவில்லை, நாற்பது எழுத்தும் காணவில்லை. தலைவர் படிக்கட்டில் உட்கார்ந்தே செய்திருக்க வேண்டும். இரண்டு வரியும் இடம் மாறியிருந்தன. பக்கத்தில் தலைவரின் டிக். கீழே குறிப்பு: 'பயனர் பாதுகாப்பில் தலைவர் எடுத்த உடனடி நடவடிக்கை.' நாற்பது பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள். மெக்கானிக் அனுப்பிய திருத்தத்தின் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது. 'தேவையற்றது. ஏற்கெனவே சரிசெய்யப்பட்டுவிட்டது. மூடப்படுகிறது.' உரிமத்தை ரத்து செய்யச் சொல்லும் கடிதம் எந்தத் துறைக்கும் போகவில்லை. சுவரில் இருந்த சட்டத்தில் காகிதத்தை மாற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்வி.

முத்திரை குத்திய புதிய நிரல் மூன்றாம் நாள் வந்தது. மெக்கானிக் அதை லிஃப்டில் ஏற்றினான். போர்டின் சின்னத் திரையில் பச்சை டிக் தெரிந்தது.

மறுநாள் எட்டு இருபதுக்கு அக்கா வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது தம்பி லிஃப்ட் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். கையில் துடைப்பக் கட்டை. கதவு மூட வரும்போது கட்டையை நடுவே நீட்டினான். கதவு தொடாமல் விலகியது. மேலே நீட்டினான், கீழே நீட்டினான், மெல்லிசான ஒயர் ஒன்றை நீட்டினான். இருபது முறை ஆன பிறகு கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்து, தன் வலது கையை உள்ளே விட்டான்.

"டிக் வந்துடுச்சுல்ல?" என்றாள் அக்கா.

"வந்துச்சு."

"அப்புறம் எதுக்குடா கைய விட்டுப் பாக்கற?"

"அவங்க யாரும் விட்டுப் பாக்கலக்கா. ஒருத்தர்கூட."

கதவு வந்தது. அவன் விரலுக்கு நாலு அங்குலம் முன்னால் நின்று திரும்பிப் போனது. அவன் இன்னொரு முறை விட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து ஒதுங்கி நின்றான். ஷூவை நீட்டவில்லை, ஆனால் காலை முழுவதுமாகப் பின்னால் எடுக்கவும் இல்லை.

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டுப் பிரித்த வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. பென்சிலை இடது பக்கப் பையில் செருகியிருந்தாள்.